அட்டை இருக்கும் பக்கம்

தனசிங் லெண்டிங் லைப்ரரியில் எந்தப் புத்தகமும் வந்த கோலத்தில் அலமாரி ஏறியதில்லை. புதிதோ பழசோ, முதலில் அது பைண்டர் குப்புராஜின் கைக்குப் போகும். அவர் அட்டையைப் பிரித்தெடுத்து, உடம்பில் ஊசி ஏற்றி நூலால் இறுக்கி, முதுகுக்குச் சிவப்பு ரெக்ஸின் ஒட்டி, மூன்று ஓரத்தையும் சீராக வெட்டி, பழைய அட்டையை மறுபடி பசை போட்டு அமர்த்திக் கொடுப்பார். "வாடகைக்குப் போற புஸ்தகம் பத்து வீட்டு வாசல் மிதிக்கும். செருப்பு போடாம அனுப்ப முடியுமா?" என்பார் தனசிங். கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அந்தக் கடையில் எல்லாப் புத்தகங்களும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போலச் சிவப்பு முதுகோடு வரிசையாக நிற்கும்.

ஹில்டா அங்கே வெளிநாட்டுக் கதைகள் இருந்த கடைசித் தட்டுக்கு மட்டும்தான் போவாள். வயது இருபத்தொன்று. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் என்றாலும் அவள் மனசு அந்த விலாசத்தை விட்டுக் கிளம்பி வெகுகாலம் ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பில் வந்த பனியிலும் பாலங்களிலும் மெழுகுவர்த்தி எரியும் விடுதிகளிலும் அது திரிந்துகொண்டிருந்தது. வெயில் கொளுத்தும் மதியத்தில் பஸ் ஜன்னல் வழியாக சேலையூர் ஏரியைப் பார்த்தால், தண்ணீர் உறைந்து அதன்மேல் யாரோ சறுக்கிப் போவதுபோல அவளுக்குத் தோன்றும். கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் டிக்கெட்டுக்குக் கை நீளும்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் தனசிங் அவளுக்காகவே ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

"ஜப்பான் சரக்கும்மா. படப்பைப் பக்கம் மிஷின் மாட்ட வந்த ஒரு ஜப்பான் இன்ஜினியர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாராம். பழைய பேப்பர்காரன் கொண்டாந்து போட்டான். படக்கதை. ஆனா படமும் இல்ல, கதையும் இருக்கிற மாதிரி தெரியல. உனக்குத்தான் இதெல்லாம் புரியும்."

ஹில்டா பிரித்துப் பார்த்தாள். ஜப்பானில் அச்சான புத்தகம். ஆனால் பேச்சுக் குமிழ்களின்மேல் எல்லாம், ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கத்தரித்த சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன. இன்ஜினியரோ அவர் மனைவியோ, யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து மொழிபெயர்த்து ஒட்டியிருக்க வேண்டும். அட்டையிலும் ஒரு துண்டு. அதை அவள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: கம்பி மழை.

பக்கத்துக்கு ஒரே ஒரு படம். அதிலும் முக்கால்வாசி வெறும் வெள்ளை. ஒரு கோடு போட்டால் கடல், இரண்டு போட்டால் கதவு. முகம் என்றால் ஒரு வளைவும் ஒரு கண்ணும். பக்க எண் கிடையாது. இருந்திருந்தாலும் குப்புராஜின் கத்தி அதை விட்டு வைத்திருக்காது. ஹில்டாவுக்கு அந்த வெள்ளையைப் பார்த்ததுமே மார்புக்குள் ஏதோ அகலமானது போலிருந்தது. புத்தகத்தை டிபன் பையில் வைத்துக்கொண்டாள்.

*

அவள் வேலை பார்த்த கம்பெனி, ரயிலில் அடுத்த ஸ்டேஷனான தாம்பரம் சானடோரியத்தில் ஒரு இரண்டாம் மாடியில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் காகிதங்களைப் பார்த்துப் பெயர், தெரு, ஊர், போன் நம்பர் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடும் என்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதே தூசிக்காக எல்லாரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் காவலாளி பொன்னுசாமியிடம் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். கதவு சாத்தியதும் பொன்னுசாமி வெளியிலிருந்து பூட்டுவார். ஏ.சி. குளிர் வெளியே போகாமலிருக்க என்று சொன்னார்கள். குளிர் எப்படிப் பூட்டைத் திறந்துகொண்டு போகும் என்று யாரும் கேட்டதில்லை.

செருப்பு சாயங்காலம் திரும்பக் கிடைத்துவிடும். சர்டிபிகேட் கிடைக்காது. சேரும்போதே மூன்று வருஷத்துக்கு வேலையை விடமாட்டேன் என்று பாண்டு எழுதி, டி.சி., மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றின் ஒரிஜினலையும் மேனேஜர் ஸ்ரீரங்கன் கையில் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொருத்தி வாழ்க்கையும் ஒரு காக்கிக் கவரில் அவருடைய இரும்பு பீரோவுக்குள் அடுக்கியிருந்தது.

ஹில்டாவின் பாண்டில் பாதிகூடத் தீரவில்லை. அதற்குள் அவள் படித்த கல்லூரியிலேயே எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஒரிஜினலைக் காட்டிச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் ஸ்ரீரங்கனிடம் போய் நின்றாள்.

அவர் கோபப்படுகிற மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசுவார்.

"படிக்கிற பொண்ணைத் தடுத்த பாவம் எனக்கெதுக்கும்மா? ஆனா நாற்காலி காலியா கிடந்தா கிளையன்ட்டுக்கு நான் பதில் சொல்லணும். இங்க ரூல் உனக்குத் தெரியும். ஒரு ஆளைக் கூட்டிண்டு வந்து உன் சீட்ல உட்கார வை. அந்தப் பொண்ணோட கவர் பீரோவுக்குள்ள போகட்டும், உன் கவர் வெளியில வரட்டும். நீயும் அப்படித்தானே வந்தே?"

அப்படித்தான் வந்தாள். கல்லூரியில் சீனியராக இருந்த கன்னியம்மா, "ஏ.சி. ரூம்டி, கம்ப்யூட்டர் வேலைடி" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள். ஹில்டா உட்கார்ந்த அன்றே கன்னியம்மா கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு தாம்பரம் ஸ்டேஷனில் இருவரும் எதிர்ப்பட்டால் கன்னியம்மா பார்வையைத் தண்டவாளத்துக்குத் திருப்பிக்கொண்டு வேறு பெட்டியில் ஏறுவாள். 

*

ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த தெரு ரத்தினபாய் ஆன்ட்டி மூன்று மாதமாக ஆலய வாசலில் ஹில்டாவை நிறுத்தி, "எங்க ஞானஜோதிக்கு உன் கம்பெனியில ஒரு இடம் பாரேன்" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஞானஜோதிக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டு, காத்திருப்போர் வரிசையில் இருந்தாள்.

"கூப்பிட்டாங்கன்னா போயிடுவேங்க்கா. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டாமேன்னுதான்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

கூப்பிட்டால் போக முடியாது என்று ஹில்டாவுக்குத் தெரியும். கவர் பீரோவுக்குள் இருக்கும். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது பொய் ஆகாது என்று ஒரு நாள் நினைத்தாள். மறுநாள் ஆகும் என்று நினைத்தாள். 

அந்த ஊசலாட்டத்தில்தான் அவள் கம்பி மழையைப் படித்தாள். அட்டையைத் திறந்தால் முதல் படத்தில் ஒரே ஒரு கிடைக்கோடு. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும். ஒட்டிய துண்டில், "அகலமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், "இதற்கு என்ன பெயர்?" 

பக்கம் புரளப் புரள இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னாலேயே வந்தார்கள். முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. மணல் போய், தூண்கள் வந்து, கம்பிகளால் வானத்தை மூடிய நகரம் வந்தது. கடலிலிருந்து கண்ணை எடுக்க மனசில்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னுக்கு நடந்தே ஒரு ஊர் போய்ச் சேரும் இரண்டு பேரை ஹில்டா எந்த தேசத்துக் கதையிலும் கண்டதில்லை.  

நகரத்தில் ஒரு கட்டடம். கட்டடத்துக்குள் எண்ணற்ற அறைகள். அறை என்றால் நான்கு கோடு, அதற்குள் ஒரு நாற்காலி. அங்கே அந்தப் பெண் சிறுமியை உட்கார வைத்தாள். ஒரு படத்தில் பெண்ணின் கையில் ஒரு வயர். அடுத்த படத்தில் வயர் பாதி தூரத்தில். அதற்கு அடுத்ததில் வயரின் நுனி சிறுமியின் பிடரிக்குள். சிறுமியின் கண் மூடியிருந்தது. பிறகு அந்தப் பெண் தன் அறைக்குப் போய்த் தன் பிடரியிலும் வயரைச் செருகிக்கொண்டாள். பிறகு அறை சிறிதாகி, ஜன்னலாகி, கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது.

ஹில்டா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜப்பானில் யாரோ ஒருவருக்கு இவள் விஷயம் தெரிந்துபோயிருந்தது. கடலைப் பார்த்தவளே திரும்பி வந்து, கூட இருந்தவளை நாற்காலியில் மாட்டிவிடுகிறாள் என்றால், உலகம் அப்படித்தான் ஓடுகிறது. அமெரிக்காக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் பொதுவான விதி, ஸ்ரீரங்கன் தானாகக் கண்டுபிடித்தது இல்லை. இப்படி நினைத்ததும் அவளுக்கு வலித்தது. வலித்ததிலேயே ஒரு நிம்மதியும் இருந்தது. அன்றே ரத்தினபாய் வீட்டுக்குப் போய், "சனிக்கிழமை காலைல ஞானஜோதியைக் கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். 

*

மத்தியான சாப்பாட்டு வேளையில் தனம் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஹில்டாவுக்கு அடுத்த நாற்காலி.

"இன்னாடி இது, ஒரு கோட்ட இஸ்துட்டு உட்டுட்டான்? மை தீந்துபோச்சா ஜப்பான்காரனுக்கு?"

"அது கடல், தனம்."

"கடலா? எங்கூட்டு செவுத்துலகூடதான் கடல் கீது. மழைக்கு ஒழுவும்."

"சின்னதா வரைஞ்சு பெருசா உணர வைக்கிறது அவங்க பாணி. அங்க படக்கதைக்கு மாங்கான்னு பேரு."

"மொளகாத்தூள் கொண்டாந்திருப்பேனே, முந்தியே சொல்லக்கூடாது?" தனம் எச்சில் படாத இடது கையால் பக்கங்களைத் தள்ளினாள். "ஏய், இங்க பாரு. இந்தப் பொம்பள டீ குடிக்கிறா. மொதல்ல டம்ளரு காலி. அப்பால பாதி. அப்பால ஃபுல்லு. குடிக்கக் குடிக்க ஏறிக்கினே கீது! இந்த டம்ளர் எங்க விக்கிதுன்னு கேளு, நம்ம கேன்டீனுக்கு ரெண்டு வாங்கிப் போடலாம்."

ஹில்டா சிரிக்கவில்லை. அதையெல்லாம் அவளும் பார்த்திருந்தாள். அந்தப் பெண்ணின் வெட்டிய தலைமுடி போகப் போக நீளமாகிறது. கன்னத்துக் காயம் போகப் போக இல்லாமல் போகிறது. சிறுமி, "முடியும்" என்கிறாள், அதற்கு அடுத்த பக்கத்தில்தான் பெண் "நடக்க முடியுமா?" என்று கேட்கிறாள். 

"அது எதிர்காலத்து நகரம். மிஷினுக்கு எல்லார் மனசும் தெரியும். அதனால கேள்விக்கு முன்னாடியே பதில் வந்துடும். அங்க காலமே பின்னாடி ஓடுது. எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்குற ஊரு அது. குடிச்ச டீயக்கூட. அதுதான் அதுல இருக்கிற தத்துவம்" என்றாள் ஹில்டா. சொல்லும்போது அவளுக்கே சிலிர்த்தது.

தனம் புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளினாள். "இத்தெல்லாம் படிச்சிக்கினே இருந்தா பேஜாராயிடும்டி உனக்கு. நீ எம்.ஏ. போயிடு, அதான் உனக்கு சரி. ஆமா, சீட்டுக்கு ஆள் கெடச்சிச்சாமே? ஸ்ரீரங்கன் சார் சொல்லிக்கினு இருந்தாரு."

"ம்."

"பாவம், எந்தப் பொண்ணோ" என்று சொல்லிவிட்டு தனம் கை கழுவப் போனாள். அதில் குத்தல் ஏதும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். 

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹில்டா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கடையில் கூட்டமில்லை. தனசிங் ஒரு தொடர்கதையின் கிழிந்த தாள்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு ஜப்பான்?"

"ரொம்ப சோகம் அங்கிள். தூக்கமே வரல."

"சோகம் கெடக்கட்டும், பைண்டிங் எப்படி? அதைச் சொல்லு. நானும் குப்புராஜும் அதுக்குப் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஜப்பான்காரன் ரேடியோ செய்றான், வாட்ச் செய்றான், பெரிய கெட்டிக்காரன்னு பேரு. ஒரு புஸ்தகத்துக்கு அட்டை போடத் தெரியல பாரு! முன்னட்டையைக் கொண்டுபோய்ப் பின்னாடி ஒட்டி வச்சிருக்கான்."

ஹில்டா புத்தகத்தை நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள்.

"பின்னாடின்னா?"

"பின்னாடிதாம்மா. புஸ்தகத்தை முறையா கையில எடுத்தா, பேர் போட்ட அட்டை அடியில கெடக்கு. கடைசி அட்டை மேல இருக்கு. குப்புராஜ்தான், 'அச்சாபீஸ்ல மாத்தி ஒட்டிட்டான் அண்ணாச்சி'ன்னு கண்டுபிடிச்சாரு. அதைப் பதமா பிரிச்சு முன்னதை முன்னாடியும் பின்னதைப் பின்னாடியும் போட்டு, இப்பப் பாரு, மனுஷன் படிக்கிற மாதிரி ஆச்சு." பெருமையோடு நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உள்ள ஒரு தாளைக்கூட மாத்தலம்மா. அட்டை மட்டும்தான். கர்த்தருக்குப் பொதுவாச் சொல்றேன்."

"அங்கிள், ஒருவேளை அவங்க அந்தப் பக்கத்துல இருந்துதான் படிப்பாங்களோ?"

"ஜப்பான்லயா? போம்மா. பல்லாவரத்துல பாய் கடையில உருது பேப்பர்தான் அப்படித் திருப்பி..." தனசிங்கின் பசைக் குச்சி அந்தரத்தில் நின்றது. "அப்படியுமா இருக்கும்?"

ஹில்டா புத்தகத்தைக் கொடுக்கவில்லை. எதிரே பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்னட்டையைத் திறந்தாள்.

வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி ஜன்னலாயிற்று. ஜன்னல் அறையாயிற்று. அறைக்குள் நீண்ட முடியோடு ஒரு பெண் பிடரியில் வயரோடு உட்கார்ந்திருந்தாள். டம்ளர் நிறைய டீ, பாதி டீ, காலி டம்ளர். அந்தக் கடைசி மடக்குக்குப் பிறகு அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் வயரைப் பிடுங்கினாள். முடி எதிலோ மாட்டியது. அதை அறுத்தாள். கன்னத்தில் கீறியது. கதவுவரை வந்தவள், ஒரு வெள்ளைப் பக்கம் முழுக்க அங்கேயே நின்றாள். பிறகு வெளியே போகாமல் அடுத்த அறைக்குள் போனாள். 

அங்கே நாற்காலியில் சிறுமி. வயரின் நுனி பிடரிக்குள். அடுத்த படத்தில் வயர் பாதி தூரத்தில். அதற்கு அடுத்ததில் வயர் பெண்ணின் கையில், சிறுமியின் கண் திறந்திருந்தது. 

"நடக்க முடியுமா?"

"முடியும்."

ராஜகீழ்ப்பாக்கம் பஸ் வந்து, நின்று, போனது. ஹில்டா ஏறவில்லை. அந்த இரண்டு பேரும் இப்போது முன்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கம்பிகளின் அடியில், தூண்களைத் தாண்டி, மணலில் முதுகு சிறுத்துக்கொண்டே போயிற்று. "இதற்கு என்ன பெயர்?" என்று சிறுமி கேட்டாள். பெண்ணுக்குப் பெயர் தெரியவில்லைபோல. "அகலமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். பிறகு அட்டை வந்துவிட்டது. 

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். காலம் பின்னாடி ஓடுதாம், தத்துவமாம்! தனத்திடம் எப்படிச் சொல்வது? சிரிப்பு நின்றதும் வயர் இருந்த பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதே கோடுகள்தான், அதே கை, அதே வயர். ஒரு தாள்கூட மாறவில்லை. அந்தக் கையைப் பார்த்து மாட்டுகிற கை என்று இவள் நம்பியிருந்தாள். அவ்வளவு வசதியாக நம்பியிருந்தாள். 

*

சனிக்கிழமை காலை ஞானஜோதி புது நீலத் தாவணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் கவர். பஸ்ஸிலும் ரயிலிலும் வழி முழுக்க அவளே பேசினாள். ஹில்டா பலமுறை வாயைத் திறந்தாள், ஒவ்வொரு முறையும் ஏதோ நிறுத்தமோ கூட்டமோ குறுக்கே வந்தது. அல்லது வந்ததாக அவளே வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கல்லூரியின் ஆலமரங்களுக்கு அடியில் நடந்து போவதை அவள் இன்னும் விடவில்லை. கவர் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்றுகூட ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டது. கன்னியம்மாவுக்கும் அதே குரல் கேட்டிருக்கும்.

இரண்டாம் மாடி வந்தது. பொன்னுசாமி டோக்கனை நீட்டினார். ஞானஜோதி குனிந்து தன் செருப்பின் வாரைக் கழற்றப் போனாள்.

"செருப்பைக் கழட்டாதே" என்றாள் ஹில்டா.

"ஏங்க்கா? கழட்டிட்டுத்தான் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹில்டா அவளைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு இழுத்துப் போனாள். "அந்தக் கவரை உள்ள வாங்கி வச்சுக்குவாங்க. மூணு வருஷத்துக்குத் தரமாட்டாங்க. நர்ஸ் டிரெயினிங்ல கூப்பிட்டாலும் தரமாட்டாங்க. உன்னை மாட்டிவிட்டாத்தான் எனக்கு என்னோடது கிடைக்கும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

ஞானஜோதிக்கு அது உள்ளே போகச் சற்று நேரம் பிடித்தது. போனதும் முகம் சிவந்துவிட்டது.

"இதை வீட்லயே சொல்றதுக்கு என்னக்கா? எங்கம்மா ஜெபக்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லிட்டாங்க, பிள்ளைக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. நீங்களும்தான் சொன்னீங்க, ரெண்டாவது பெஞ்சுல உக்காந்துகிட்டு!"

"சொன்னேன்."

"இப்ப நான் வீட்ல போய் என்ன சொல்றது?"

"ஹில்டா ஏமாத்தப் பார்த்தான்னு சொல்லு. உள்ளதைச் சொல்லு."

"அப்ப உங்க எம்.ஏ.?"

ஹில்டா கைப்பிடிச் சுவரில் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

மேலே கதவு திறந்து ஸ்ரீரங்கன் எட்டிப் பார்த்தார். "இந்தப் பொண்ணுதானா? ஏன் அங்கேயே நிக்கறேள்? வாம்மா, உள்ள வா."

"இல்ல சார். இவ என்கூட ஸ்டேஷன்ல இருந்து பேசிக்கிட்டே மாடி ஏறிட்டா. இப்பக் கிளம்பிடுவா" என்றாள் ஹில்டா.  

அவர் ஞானஜோதி கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ உன்னோட கவர் இங்கேயே இருக்கட்டும்கிறே."

"பாண்டு முடியற அன்னைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன் சார்."

"காலேஜ்ல நாற்காலியைப் போட்டு உனக்காகக் காத்துண்டிருக்க மாட்டாம்மா."

"தெரியும் சார்."

"சரி. ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அவருக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. கதவு வழியாக வந்த குளிர் ஹில்டாவின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.

ஞானஜோதி படி இறங்கினாள். ஹில்டா படிக்கட்டு ஜன்னலில் நின்று கீழே பார்த்தாள். முற்றத்துக்கு வந்தவள் நிமிர்ந்து, மாடியையே பார்த்தபடி, கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் பின்னாலேயே வாசலை நோக்கி நடந்தாள். கோபமா, சந்தேகமா, இன்னும் கூப்பிடுவார்களோ என்ற ஆசையா, அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை.  இந்தப் படத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. 'திரும்பு, திரும்பிப் போ' என்று உதட்டுக்குள் சொன்னாள்.

கேட்டுக்கு அருகே வந்ததும் ஞானஜோதி திரும்பினாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புதுச் செருப்பு தரையில் தட்ட, ஸ்டேஷன் போகும் பாதையில் நடந்தாள். நீலத் தாவணி சிறுத்துக்கொண்டே போய்ப் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது.

"அம்மா, செருப்பைக் குடு. கதவைப் பூட்டணும்" என்றார் பொன்னுசாமி.

ஹில்டா செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டாள். தரை சில்லென்றிருந்தது. அவள் நாற்காலியில் போய் உட்காரும்போது பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது. திரையில் பச்சைப் புள்ளி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

தனம் விரல்களை நிறுத்தாமலே கேட்டாள்: "இன்னாடி, அந்தப் பொண்ணு வர்லியா?"

"வந்தா. நடந்து போயிட்டா."

தனத்தின் விரல்கள் ஒரு கணம் நின்றன. ஹில்டா முதல் காகிதத்தைத் தாங்கியில் செருகி, எங்கோ ஒரு ஊரில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.